பூனை வளரும் வீட்டில் எந்தச் செடி?

"ஆடு திங்கற தழைதானுங்க, நாய் தின்னா என்ன ஆகப் போகுது?" கொங்கு நாட்டில் செடியும் செல்லப்பிராணியும் சேர்த்து வளர்க்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேள்வியில் நியாயமும் உண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காட்டு மேய்ச்சல் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்தக் காடுகளில், வெள்ளாடு எதைக் கடிக்கும், செம்மறி எதைத் தொடாது என்பது ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு அத்துபடி. மழை பொய்த்த ஆண்டில் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை விடக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அந்தக் குருத்தில் உள்ள தூரின் என்ற பொருள் வயிற்றில் சயனைடை வெளிவிடுகிறது என்று வேதியியல் பிறகுதான் சொன்னது. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளி பூத்துக் குலுங்குவதற்கும், கால்நடை அதை மேயாது என்பது ஒரு காரணம்.

இவ்வளவு அனுபவம் சேர்ந்த மண்ணில், கோவையின் சரவணம்பட்டியிலோ வடவள்ளியிலோ மாடி வீட்டில் பூனை வளர்ப்பவர் தொட்டிச்செடி வாங்கப் போகும்போது அந்த அனுபவம் கைகொடுப்பதில்லை. ஆட்டை வைத்துப் பூனையை அளக்க முடியாது. நம்மை வைத்தும் அளக்க முடியாது. ஒரு செடியின் நச்சுத்தன்மையில் பாதிதான் செடிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி அதைத் தின்னும் உடலுக்குள் இருக்கிறது. இது எப்படித் தெரியவந்தது என்பதைப் பார்த்துவிட்டால், எந்தச் செடியை வீட்டுக்குள் விடலாம் என்பது தானாகவே தெளிவாகும்.

நமக்குப் பழக்கமான சவுண்டலிலிருந்து தொடங்கலாம். சூபாபுல் என்றும் சொல்வார்கள். வேலியோரம் நிற்கும் இந்த மரத்தின் தழையை ஒடித்து ஆட்டுக்குப் போடாத ஊர் குறைவு. இதன் இலையில் மைமோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சவுண்டலை நிறையத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது, எடை குறைந்தது. ஹவாய்த் தீவுகளிலோ ஆடுகள் அதையே வயிறு நிறையத் தின்று நன்றாக இருந்தன. மரம் ஒன்றே, மேய்பவையும் அசைபோடும் விலங்குகளே. பிறகு வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த ரேமண்ட் ஜோன்ஸ் 1980களில் இதற்கு விடை கண்டார். ஆட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மைமோசின் சிதைந்து உண்டாகும் நச்சைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஒன்று ஹவாய் ஆடுகளிடமும் இந்தோனேசிய ஆடுகளிடமும் இருந்தது. ஆஸ்திரேலியக் கால்நடைகளிடம் இல்லை. ஊகத்தைச் சோதிக்க அவரும் சக ஆய்வாளர்களும் அந்த வெளிநாட்டு ஆடுகளின் இரைப்பை நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய விலங்குகளின் இரைப்பைக்குள் செலுத்தினார்கள். அதன்பின் அவையும் சவுண்டலைத் தாங்கிக்கொண்டன. அந்த பாக்டீரியாவுக்கு 1992இல் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். நச்சியலில் இவ்வளவு துப்புரவான சோதனைகள் அரிது: இலையை மாற்றவில்லை, விலங்கை மாற்றவில்லை, வயிற்றில் குடியிருப்பவரை மட்டும் மாற்றினார்கள்.

ஆகவே "ஆடு தின்னும்" என்ற செய்தி அந்த ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றிய செய்தி. நாய்க்கும் பூனைக்கும் அந்த முதல் இரைப்பையே கிடையாது. கடித்த இலை நேராக அமில இரைப்பைக்குப் போய், அங்கிருந்து சிறுகுடலுக்கு இறங்கிவிடும்.

நுண்ணுயிர்கள் எப்போதும் காப்பாற்றும் என்றும் நினைத்துவிடக்கூடாது. நர்சரிகளில் சைகஸ் என்றும் சேகோ பாம் என்றும் விற்கும் செடி இதற்கு நேர் எதிரான கதை. பங்களா வாசல்களிலும் அலுவலக வரவேற்பறைகளிலும் பெருந்தொட்டியில் விறைப்பாக நிற்குமே, அதுதான். பார்வைக்குப் பனை, உறவில் பனையே இல்லை. பூக்காத பழங்குலத்துச் செடி. அதிலுள்ள சைகேசின் சர்க்கரையோடு பிணைந்த ஒரு பொருள். அப்படியே இருக்கும்வரை அதனால் பெரிய தீங்கில்லை. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைக் கழற்றி எடுத்துக்கொள்ளும்போது மிஞ்சுவதுதான் கல்லீரலை அழிக்கிறது. இதை நிறுவியவர்கள் 1960களில் அமெரிக்காவில் கெர்ட் லாக்கியூரும் அவருடைய குழுவினரும். கிருமியே அண்டாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்குச் சைகேசினைக் கொடுத்தார்கள். அது அவற்றின் உடலைச் சேதப்படுத்தாமல் பெரும்பாலும் அப்படியே வெளியேறியது. சாதாரண எலிகளோ கல்லீரல் கெட்டு நோயுற்றன. சைகஸில் விதைதான் மிகக் கொடியது. ஒன்றிரண்டு விதைகளே ஒரு நாயைக் கொன்றுவிடக்கூடும். நாய் வளர்க்கும் வீட்டில் இந்தச் செடிக்கு இடமே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உயரத்தில் வைப்பது, வேலி போடுவது எதையும் நான் ஏற்க மாட்டேன்.

பூனைக்கு வருவோம். அதன் சிக்கல் கல்லீரலில் இருக்கிறது.

தாவரங்கள் உண்டாக்கும் பொருள்களில் பல எண்ணெய்த்தன்மை கொண்டவை. நீரில் கரையாத பொருளைச் சிறுநீரில் வெளியே தள்ள முடியாது. எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டியை வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தால் தண்ணீரோடு போய்விடும். கல்லீரலும் இப்படியொரு வேலையைச் செய்கிறது. வெளியேற்ற வேண்டிய பொருளோடு குளூக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் அது நீரில் கரையும், சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேறும். இதைச் சர்க்கரை ஒட்டல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு.

பாராசிட்டமால் மாத்திரை மனிதருக்குக் காய்ச்சல் மருந்து, பூனைக்கு எமன் என்பது கால்நடை மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். காரணத்தை மரபணு மட்டத்தில் 2000ஆம் ஆண்டில் காட்டியவர்கள் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கோர்ட்டும் டேவிட் கிரீன்பிளாட்டும். சர்க்கரை ஒட்டும் நொதிகளில் ஒன்றுக்கான யூஜிடி1ஏ6 என்ற மரபணு பூனையிடம் இருக்கிறது. ஆனால் பிழைகள் மலிந்து செயலற்றுக் கிடக்கிறது. இத்தகையதைப் போலி மரபணு என்பார்கள். கோர்ட்டின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பூனைக் குடும்பத்தின் காட்டு இனங்களிலும் இந்த மரபணு பழுதுபட்டிருந்தது. பூனைக் குடும்பத்தைச் சேராத பழுப்புக் கழுதைப்புலியிலும் வடக்கு யானைச்சீலிலும் தனித்தனியாகப் பழுதுபட்டிருந்தது. இவை எல்லாமே ஊனையே நம்பி வாழ்பவை. தழையை உணவாக நம்பாத மூதாதைகளுக்குத் தழை நஞ்சை முறிக்கும் நொதி கெட்டுப்போனாலும் நட்டமில்லை. அந்தப் பழுது களையப்படாமல் வாரிசுகளுக்கு வந்துவிட்டது. மனிதரோடு சோறு தின்று வளர்ந்த நாயிடம் இந்த நொதி வேலை செய்கிறது.

எல்லாத் தாவர நஞ்சும் இந்த ஒரே வழியில்தான் பூனையைத் தாக்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் "குழந்தைக்கே கொடுக்கிறோமே" என்ற வாதம் பூனையிடம் ஏன் செல்லாது என்பதற்கு இது நல்ல சான்று. நம் வீட்டு ஜன்னலில் வளரும் கற்பூரவல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். சளிக்கு அதன் சாற்றைக் கொடுத்துத்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். செல்லப்பிராணிகளுக்கான நச்சுத்தாவரப் பட்டியலிலோ அது நாய்க்கும் பூனைக்கும் ஆகாத செடியாக இருக்கிறது. அதன் நறுமண எண்ணெய்கள் வாந்தியையும் பேதியையும் சோர்வையும் உண்டாக்கும்.

பூனைக்கென்றே வாய்த்த கொடுமை லில்லியம். நீலகிரிப் பசுமைக்குடில்களில் வளர்ந்து, கோவைக் கல்யாண வரவேற்புகளுக்குப் பூங்கொத்தாக வரும் பெரிய மலர் இது. இதழை, இலையை, மயிரில் ஒட்டிய மகரந்தத்தை, ஜாடித் தண்ணீரைப் பூனை நக்கினாலே போதும். ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கிறது. நாய் அதே பூவைத் தின்றால் வயிற்றைப் புரட்டுவதோடு சரி. இந்த நஞ்சு எந்தப் பொருள் என்று இன்றுவரை அறிவியல் பிரித்தெடுக்கவில்லை. உயிரிழந்த பூனைகளின் சிறுநீரகத்தைப் பார்த்தும், அவை கடித்த பூவைக் கொண்டும்தான் கால்நடை மருத்துவர்கள் இந்தத் தொடர்பை உறுதிப்படுத்தினார்கள். பூனை வாய்வைத்தது தெரிந்த உடனே கொண்டுபோய் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க வாய்ப்புண்டு; ஒரு நாள் கழித்துப் போனால் அந்த வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. வீட்டில் பூனை இருந்தால் லில்லியம் உள்ள பூங்கொத்தை வாசலிலேயே வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இனி எல்லோர் வீட்டிலும் இருக்கும் மணி பிளான்ட். இதன் நஞ்சை நாம் சமையலறையில் பலமுறை சந்தித்திருக்கிறோம். சேனைக்கிழங்கை அரியும்போது கை அரிக்கும். சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையைக் காறும். சேனை, சேம்பு, மணி பிளான்ட், டைஃபன்பாக்கியா, பீஸ் லில்லி, பிலோடென்ட்ரான், இசட்இசட் பிளான்ட் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இருமுனையும் கூரான இவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. இலையைக் கடித்ததும் அந்தச் செல்கள் உடைந்து ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் பாய்கின்றன.

ஊசி குத்துவதால்தான் இத்தனை எரிச்சல் என்றால், வெந்த கிழங்கிலும் ஊசிகள் இருக்கின்றனவே, அது ஏன் காறுவதில்லை? ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் பிராட்பரி 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியோடு ஒட்டியிருக்கும் புரதம் சிதைக்கும் நொதிதான் காறலுக்குக் காரணமாகலாம் என்று சுட்டிக்காட்டினார். வெப்பத்தில் நொதி குலைந்துவிடும், ஊசி மட்டும் மிஞ்சும். ஜப்பானைச் சேர்ந்த கோத்தாரோ கொன்னோ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஆமணக்கு இலை தின்னும் எரிப் பட்டுப்புழுக்களுக்கு, கிவிப் பழத்திலிருந்து பிரித்த ஊசிகளை மட்டும் இலையில் தடவிக் கொடுத்தார்கள், பெரிய பாதிப்பில்லை. நொதியை மட்டும் தடவினார்கள், அப்போதும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துத் தடவியதும் புழுக்கள் கருத்துச் செத்தன. ஊசி வடிவமில்லாத வெறும் கால்சியம் ஆக்சலேட் தூளை நொதியோடு கலந்து கொடுத்தபோது அந்த விளைவு வரவில்லை. ஊசி துளை போடுகிறது. நொதி அதன் வழியே உள்ளே போகிறது.

மணி பிளான்ட்டைக் கடித்த நாய்க்கோ பூனைக்கோ எச்சில் ஒழுகும், வாய் வீங்கும், வாந்தி வரும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கசப்பான அனுபவத்தால் பல விலங்குகள் மறுபடி கடிப்பதில்லை. ஆனால் குட்டிகள் விடாமல் மெல்லும், தொண்டை வீங்கினால் மூச்சு திணறும். எனவே என் வரிசை இது: லில்லியமும் சைகஸும் அரளியும் அறவே ஆகாது. நம் மாநில மலரான செங்காந்தளும் அப்படித்தான். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிராகும் அதன் கால்ச்சிசின் செல் பிரிவதையே நிறுத்தக்கூடியது. மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை ஆகியவை இடைப்பட்டவை. எட்டாத இடத்தில் தொங்கவிட முடிந்தால் வைக்கலாம், குட்டி இருக்கும் வீட்டில் வேண்டாம்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லித்தான் இவற்றில் பலவற்றை விற்கிறார்கள். நாசா ஆய்வு என்பார்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வு, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளில் செய்யப்பட்டது. ஜன்னல் உள்ள வீட்டில், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019இல் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அழகுக்காகச் செடி வையுங்கள். காற்றுக்காக ஆபத்தான செடியைச் சுமக்க வேண்டியதில்லை.

அழகுக்குக் குறைவில்லாத, தீங்கற்ற செடிகள் நிறைய உண்டு. ஸ்பைடர் பிளான்ட், அரிகா பாம், பாஸ்டன் பெரணி, கலாத்தியா, பெப்பரோமியா, ஹவொர்த்தியா, ஆப்பிரிக்க வயலட் ஆகிய எல்லாம் கோவை நர்சரிகளில் கிடைப்பவை. தீங்கற்றவை என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் விலங்கு நச்சு ஆலோசனை மையம் ஒன்று 1978இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. செடியைத் தின்ற விலங்குகளைப் பற்றி அங்கே வந்த தொலைபேசி அழைப்புகளும் மருத்துவர்களின் பதிவுகளுமே இன்று உலகம் பயன்படுத்தும் பட்டியலுக்கு அடிப்படைகளில் முக்கியமானவை. ஆகவே தீங்கற்றது என்றால், நிறைய விலங்குகள் தின்றும் பெரிய கேடு பதிவாகவில்லை என்று பொருள். எதை அளவுக்கு மீறித் தின்றாலும் வாந்தி வரத்தான் செய்யும். அமெரிக்க வரவேற்பறைகளில் வளராத நம்மூர்ச் செடிகள் அந்தப் பட்டியலில் இல்லை என்பதாலேயே அவை பாதுகாப்பானவை ஆகிவிடாது.

வாங்கும்போது அரிகாவையும் சைகஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டையும் பாம் என்றே சொல்லிக் கொடுப்பார்கள். அரிகாவுக்கு மெல்லிய மஞ்சள்பச்சைத் தண்டுகள் கொத்தாக வரும், இலை வளையும். சைகஸுக்குத் தடித்த சொரசொரப்பான ஒற்றைத் தண்டு, குத்தும் விறைத்த இலை.

வளர்ப்பில் கொங்கு நாட்டுக்கென்று இரண்டு கவனங்கள். முதலாவது தண்ணீர். போர்வெல் தண்ணீரின் உப்பு ஸ்பைடர் பிளான்ட்டுக்கும் கலாத்தியாவுக்கும் ஆகாது; நுனி பழுப்பாகக் கருகும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் நீரையோ பிடித்து ஊற்றலாம். பொள்ளாச்சித் தென்னைநார்த் தூளில் நடுபவர்கள், முதலில் நன்றாக ஊறவைத்து அலசி அதிலுள்ள உப்பைப் போக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பால்கனியிலுள்ள பெரணி ஒரே நாளில் வாடும். அந்த நாள்களில் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது உரம், இதைச் சொல்லாமல் விடவே முடியாது. செடி தீங்கற்றதாக இருந்தாலும், தொட்டியில் போடும் புண்ணாக்கு நாயைக் கொன்றுவிடலாம். கொட்டமுத்து என்று நம் பக்கம் சொல்லும் ஆமணக்கின் எண்ணெயில் ரிசின் சேராது. பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கில் அது தங்கிவிடும். செல்லில் புரதம் உண்டாவதையே நிறுத்தும் நஞ்சு இது. நாய்க்கோ அந்தப் புண்ணாக்கின் வாடை பிடிக்கும், மண்ணைத் தோண்டியே தின்னும். பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால் காரணத்தை யாரும் தொட்டியோடு தொடர்புபடுத்துவதில்லை. நாயுள்ள வீட்டில் மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ போதும்.

பூனையும் நாயும் இலையைக் கடிப்பதே நோயால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் ஆயிரக்கணக்கான வளர்ப்பாளர்களிடம் கேட்டறிந்ததில், பெரும்பாலான விலங்குகள் புல் தின்பதற்குமுன் நலமாகவே இருந்தன. காட்டு மூதாதைகளிடமிருந்து வந்த இயல்பு அது என்பது அவர்கள் முடிவு. இயல்பைத் தடுப்பதைவிட அதற்கு இடம் கொடுப்பது நல்லது. ஒரு தொட்டியில் அருகம்புல்லோ கோதுமையோ முளைக்க விட்டுப் பூனைக்கென்று வைத்தால், மற்றச் செடிகளின்மேல் அதன் நாட்டம் குறையும். சோளத்தை மட்டும் முளைக்க விடாதீர்கள். மாட்டைக் கொல்லும் அதே குருத்துதான்.

பூனைவணங்கி என்று பெயர்பெற்ற குப்பைமேனியையும் சிலர் வைக்கிறார்கள். அதன் வேரைத் தோண்டிப் போட்டால் பூனை புரண்டு உருளும். 2016இல் ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் அதிலிருந்து பூனையை ஈர்க்கும் இரு பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். மேலைநாட்டுக் கேட்னிப் செடியின் மணப்பொருளுக்கு அவை நெருங்கிய உறவு. ஆனால் குப்பைமேனியில் சயனைடு தரக்கூடிய பொருளும் இருப்பதால், வேரைச் சற்று நேரம் முகர விட்டு எடுத்துவிடுவதே சரி, தின்ன விடவேண்டாம்.

எச்சரிக்கையையும் மீறி ஏதாவது கடித்துவிட்டால், வாயிலுள்ள துணுக்கை எடுத்து நீரால் துடைத்துவிடுங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நஞ்சாகிவிடும். கடித்த கிளையையும், முடிந்தால் வாந்தியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதை அவர் முதலில் கேட்பார். செடியின் பெயர் தெரியாவிட்டால் சிகிச்சை இருட்டில் தொடங்கும். அதனால் வாங்கும் அன்றே நர்சரிக்காரரிடம் தாவரவியல் பெயரைக் கேட்டுத் தொட்டியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அவருக்கே தெரியாத செடியென்றால், கோவை லாலி ரோட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே இலையும் பூவுமாக ஒரு கிளையைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.